புகார் பெட்டியின் சாவி யார் கையில்?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ரமளான் பிறந்துவிட்டால் உங்கள் கடை வாசலுக்கு ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்களை நீங்கள் அறிவீர்கள். யதீம்கானாவிலிருந்து வருகிறார்கள். விடுதியுடன் கூடிய ஹிஃப்ழு மத்ரஸாவிலிருந்து வருகிறார்கள். முதியோர் இல்லத்திலிருந்து வருகிறார்கள். நீங்களும் முகம் சுளிக்காமல் ஜகாத்தை எண்ணிக் கொடுக்கிறீர்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானித் தோல் அங்கே போகிறது. வீட்டில் அகீகா, கல்யாணம் என்றால் ஒரு வேளைச் சாப்பாடு அங்கே போகிறது. அல்ஹம்து லில்லாஹ். கொடுக்கும் கை வற்றாத சமுதாயம் இது. அல்லாஹ் அதை ஏற்றுக் கொள்வானாக.

ஆனால் உங்களிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கினீர்கள். அந்தப் பணத்தில் வளரும் பிள்ளையிடம், "உனக்கு இங்கே ஏதாவது குறை உண்டா?" என்று என்றைக்காவது கேட்டீர்களா? குறை இருந்தால் அதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறதா? சொன்ன பிறகு அந்தப் பிள்ளையின் கதி என்ன?

இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் நாம் வருடா வருடம் கொடுத்துக் கொண்டிருக்கிறோம். இன்றைய உரை இதைப் பற்றியதுதான்.

கதவைப் பூட்டியவன் பொறுப்பாளி

ஒரு பூனைக்காக நரகம் சென்ற பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியை நீங்கள் எத்தனையோ பயான்களில் கேட்டிருப்பீர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ். விலங்குகளிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். சற்று நின்று யோசியுங்கள். அவள் பூனையை அடித்தாள் என்று அதில் இல்லை. வெட்டினாள் என்று இல்லை. அடைத்து வைத்தாள்; தீனி கொடுக்கவில்லை; தானாகப் போய் இரை தேடிக் கொள்ளவும் விடவில்லை. குற்றம் இதுதான்.

ஓர் உயிர் தன்னைத் தானே பார்த்துக் கொள்ளும் வழியை யார் அடைக்கிறாரோ, அந்த உயிரின் முழுப் பொறுப்பும் அவர் தலையில் வந்து விழுகிறது. வெளியில் திரியும் பூனைக்கு யாரும் ஜவாப்தாரி இல்லை. அடைக்கப்பட்ட பூனைக்கு அடைத்தவர்தான் ஜவாப்தாரி. ஒரு பூனைக்கே இந்தக் கணக்கு என்றால், நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட மனிதப் பிள்ளைக்கு எப்படிப்பட்ட கணக்கு இருக்கும்!

தாய் தகப்பனோடு வளரும் பிள்ளைக்கு வீட்டில் சோறு இல்லை என்றால் நன்னி வீட்டுக்கு ஓடும். வாப்பா அடித்தால் மாமா வீட்டில் போய் ஒளிந்து கொள்ளும். பக்கத்து வீட்டுப் பெண்மணி, "ஏன்டா அழுகிறாய்?" என்று கேட்பாள். இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு இந்த வாசல்கள் எதுவும் கிடையாது. சோறு ஒரே கையிலிருந்து வருகிறது. பாடம், படுக்கை, மருந்து, வீட்டுக்குப் பேச ஃபோன், ஊருக்குப் போக லீவு எல்லாம் அதே கையிலிருந்து வருகின்றன. அந்தக் கை நல்ல கையாக இருந்தால் பிள்ளை பிழைத்தது. கெட்ட கையாக இருந்தால்? சோறு போடும் கையைப் பற்றிய புகாரை அந்தக் கையிடமே கொண்டு போய்க் கொடுக்க வேண்டிய நிலை. எந்தப் பிள்ளை கொடுக்கும்?

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 4:58). உங்களில் ஒவ்வொருவரும் மேய்ப்பர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). அநாதையைப் பொறுப்பேற்பவருக்குச் சுவனத்தில் தமக்கு அருகில் இடம் உண்டு என்று இரண்டு விரல்களைக் காட்டிச் சொன்னதும் அதே நபிதான் (புகாரி). நாம் இரண்டாவது செய்தியை வசூல் நோட்டீஸில் அச்சடிக்கிறோம். முதலாவது செய்தியை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வாசிக்கிறோமா?

ஏர்வாடியில் கருகிய சங்கிலிகள்

வெளியூர்க் கதை சொல்லத் தேவையில்லை. நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

2001 ஆகஸ்ட் 6. அதிகாலை நேரம். ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்த நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன்.

தர்காவுக்கு வந்தால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் எல்லா மதத்தவரும் அங்கே வருவார்கள். வந்த இடத்தில் மாதக்கணக்காக, வருடக்கணக்காக நோயாளிகளை விட்டுச் செல்வார்கள். அவர்களை வைத்துக் கொள்ளச் சுற்றிலும் காப்பகங்கள் முளைத்தன. தர்கா விஷயத்தில் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை வேறு மேடையில் பேசுவோம். இன்று கேட்பது வேறு. அந்தச் சங்கிலி இரவோடிரவாக வந்ததா? அல்லவே! அது பட்டப்பகலில், எல்லாருடைய கண் முன்னாலும் இருந்தது. குடும்பத்தார் பார்த்தார்கள். ஊரார் பார்த்தார்கள். வந்து போன ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். மனநலக் காப்பகத்துக்கு உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டமே இருந்தது. அதிகாரிகளுக்கும் கண் இருந்தது.

கட்டப்பட்டவர்கள் வாய் திறந்து சொல்லாமலா இருந்திருப்பார்கள்? "என்னை அவிழ்த்து விடுங்கள்" என்று மனநோயாளி கத்தினால் அது யார் காதிலும் புகாராக விழுவதில்லை. நோயின் அடையாளமாக விழுகிறது. இதைத்தான் நீங்கள் நெஞ்சில் பதித்துக் கொள்ள வேண்டும். பலவீனமானவர்களின் புகாரைத் தள்ளிவிட நாம் எப்போதும் ஒரு காரணம் வைத்திருக்கிறோம். மனநோயாளி சொன்னால் "பைத்தியம் உளறுகிறது". முதியவர் சொன்னால் "வயசானால் இப்படித்தான் குறை சொல்வார்கள்". சிறுவன் சொன்னால் "பாடம் படிக்கச் சோம்பல், வீட்டுக்குப் போகப் பொய் சொல்கிறான்". சிறுமி சொன்னால், நஊது பில்லாஹ், அவளையே குற்றவாளியாக்கி விடுகிறோம்.

தீ அணைந்த பிறகு எல்லாம் நடந்தது. ஒரே வாரத்தில் அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டு ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பராமரிப்புக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. காப்பகம் நடத்தியவருக்கும் குடும்பத்தாருக்கும் 2007இல் ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் நோயாளியைச் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை செய்தது. தன் சிகிச்சையில் உள்ள குறைகளைப் பற்றிப் புகார் செய்வது நோயாளியின் உரிமை என்றும் அந்தச் சட்டம் எழுதி வைத்தது. 28 ஜனாஸாக்களுக்குப் பிறகு, 16 ஆண்டுகள் கழித்து! ஒரு மனிதர் ஒரு புகாரை ஒரு வருடம் முன்பு காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதுமே, சகோதரர்களே!

அல்லாஹ் கேட்ட புகார்

நம்மில் சிலருக்குப் புகார் என்ற சொல்லே பிடிக்காது. பொறுமை, ஷுக்ர் என்று சொல்லி வாயை அடைப்பார்கள். "வக்ஃபு சோறு தின்றுவிட்டு வக்ஃபையே குறை சொல்வதா?" என்பார்கள். அவர்கள் குர்ஆனின் 58ஆம் அத்தியாயத்தை எடுத்து ஓதிப் பார்க்கட்டும்.

கவ்லா (ரலி) என்ற பெண்மணி. கணவர் ளிஹார் செய்துவிட்டார். அதாவது, அறியாமைக் கால வழக்கப்படி மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டுச் சொல்லி ஒதுக்கிவிட்டார். அந்தப் பெண்மணி நேராக அல்லாஹ்வின் தூதரிடம் வந்து முறையிட்டார்கள். ஒரு பதிலோடு திரும்பிப் போகவில்லை, வாதாடினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அதே வீட்டின் ஒரு மூலையில் இருந்தும் அந்தப் பேச்சின் ஒரு பகுதி தங்களுக்கே கேட்கவில்லை என்கிறார்கள். ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் கேட்டான். கேட்டேன் என்று வசனத்தை இறக்கினான். அந்த அத்தியாயத்துக்கே வாதாடும் பெண் என்ற பொருளில் பெயர். கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் ஓர் ஏழைப் பெண்ணின் புகாருக்கு இறைவன் இடம் ஒதுக்கியிருக்கிறான். நம் இல்லங்களில் அதற்கு ஒரு பெட்டி ஒதுக்க மனமில்லையா?

இன்னொரு வசனம். கெட்ட விஷயத்தைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை. அநீதிக்கு ஆளானவருக்கு மட்டும் அதில் விலக்கு அளிக்கிறான் (4:148). அடிபட்டவன் பேசினால் அது புறமாகாது. அடிபட்டவனை "புறம் பேசாதே" என்று அடக்குகிறவர்தான் அந்த வசனத்துக்கு எதிராக நிற்கிறார். முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவை அஞ்சிக் கொள்ளுமாறும், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி). நாம் கேட்க மறுத்த புகார் காற்றில் கரைந்து போவதில்லை. அது நேராக மேலே போகிறது. அங்கே பதிவாகிறது.

அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் அடிமையைச் சாட்டையால் அடித்துக் கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அல்லாஹ்வின் தூதர்! இவன் மீது உமக்குள்ள சக்தியைவிட உம் மீது அல்லாஹ்வுக்குள்ள சக்தி அதிகம் என்று கண்டித்தார்கள். அந்த அடிமை உடனே விடுதலை செய்யப்பட்டார் (முஸ்லிம்). கவனியுங்கள். அந்த அடிமை புகார் கொடுக்கவில்லை; கொடுக்கும் நிலையில் அவர் இல்லை. வழியில் வந்தவர் பார்த்தார், தலையிட்டார். பிரம்பைக் கையில் எடுக்கும் உஸ்தாதுகளும், அதைப் பார்த்துக் கொண்டு நிற்கும் நிர்வாகிகளும் இந்த ஹதீஸை மத்ரஸாவில் ஓதியவர்கள்தாம். நானும் அங்கே ஓதியவன்தான். ஓதிக் கொடுக்கும் இடத்திலேயே இது அமலாக வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

"சமுதாயத்தின் மானம் போய்விடும்!"

ஒரு புகார் வந்தால் நம் ஜமாஅத்துகளில் முதலில் எழும் குரல் இதுதான். "வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? பத்திரிகைக்காரன் எழுதுவான். நம்மைப் பிடிக்காதவன் கொண்டாடுவான். மத்ரஸாக்களையே மூடச் சொல்வான்."

இந்த அச்சம் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். தாடியும் தொப்பியும் கண்டாலே சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் செய்த தவற்றை ஒட்டுமொத்த சமுதாயத்தின் தலையில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதிரி பார்க்கிறான் என்பதற்காக யதீமை அழ விடலாம் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் சரியே என்ற கருத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:135). நம் உரிமைக்காகத் தெருவில் இறங்கிப் போராடுகிறோம். நமக்கு அநீதி நடந்தால் கமிஷன் கேட்கிறோம், நீதி விசாரணை கேட்கிறோம். நம் கையில் அதிகாரம் இருக்கும் நாலு சுவருக்குள் ஒரு சிறுவன் நீதி கேட்டால் மட்டும் "அடக்கி வாசி" என்போமா?

மூடி வைப்பதால் மானம் காப்பாற்றப்படுகிறதா என்பதையும் பாருங்கள். பீகாரின் முஸஃப்பர்பூரில் அரசு நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பெண் குழந்தைகள் இல்லம் இருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துப் போன இடம். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆய்வுக் குழு போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியது. உள்ளே நடந்த கொடூரம் 2018இல் நாட்டுக்கே தெரிந்தது. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியாதது, பிள்ளைகளின் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரிந்தது. நடத்தியவர்கள் எந்தச் சமுதாயம் என்பது அங்கே பேச்சே இல்லை. கேட்க ஆள் இல்லாத எந்த இல்லத்திலும், எவருடைய கையிலும் இது நடக்கும்.

மூடி மறைப்பதில் மிகக் கேவலமான முறை ஒன்று உண்டு. பணியாளர் மீது பெரிய புகார் வந்தால், விசாரிக்காமல், "நீங்கள் வேறு இடம் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவது. அவர் அடுத்த ஊர் விடுதியில் சேர்ந்து கொள்கிறார். கெட்டுப்போன சரக்கைத் தன் கடையிலிருந்து எடுத்து அடுத்த கடைக்கு விற்கும் வணிகரை நீங்கள் என்ன சொல்வீர்கள்? இது அதைவிட எத்தனை மடங்கு பாவம்!

புகாரை விசாரிக்கும் சுன்னத்

"அவர் எவ்வளவு பெரிய மனிதர்! அவர் மீதா புகார்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு.

ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் சுவனத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். பாரசீகத்தை வென்ற தளபதி. கூஃபா நகரின் ஆளுநர். அந்த நகரத்தார் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் புகார் செய்தார்கள். இவருக்கு ஒழுங்காகத் தொழ வைக்கத் தெரியவில்லை என்று கூடச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? "ஸஹாபியைப் பற்றி வாய் திறக்காதே" என்று அதட்டினார்களா? இல்லை. ஸஅத் அவர்களைப் பொறுப்பிலிருந்து விலக்கி, வேறு ஒருவரை நியமித்தார்கள். ஸஅத் அவர்களை அழைத்து அவர்கள் தரப்பைக் கேட்டார்கள். பிறகு கூஃபாவுக்கே ஆள் அனுப்பி, பள்ளிவாசல் பள்ளிவாசலாக மக்களிடம் விசாரிக்க வைத்தார்கள். மக்கள் நல்லவிதமாகவே சொன்னார்கள். ஒரு பள்ளிவாசலில் ஒரே ஒருவர் மட்டும் குறை சொன்னார். ஸஅத் (ரலி) அவர்களின் நேர்மை ஊரறிய நிரூபணமானது (புகாரி).

இந்த ஒரு சம்பவத்தில் விசாரணையின் முழு இலக்கணமும் இருக்கிறது. புகார் கொடுத்தவரைத் திட்டவில்லை. புகார் வந்த உடனே குற்றவாளி என்று முத்திரை குத்தவும் இல்லை. விசாரணை முடியும்வரை பொறுப்பிலிருந்து விலக்கி வைத்தார்கள். அவர் தரப்பைக் கேட்டார்கள். அவருக்குக் கீழே இருப்பவர்களை விட்டு விசாரிக்காமல் வெளியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். சம்பவம் நடந்த இடத்துக்கே போய் விசாரித்தார்கள்.

பொய்ப் புகாரும் வரும் என்பதை மறுக்கவில்லை. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள் என்பதுதான் குர்ஆனின் கட்டளை (49:6). தெளிவுபடுத்துவது என்றால் விசாரிப்பது. தூக்கி எறிவதற்கு அந்த வசனத்தில் ஆதாரம் இல்லை. நேர்மையான உஸ்தாதுக்கும் வார்டனுக்கும் முறையான விசாரணைதான் பாதுகாப்பு. விசாரிக்காமல் அமுக்கினால் வதந்தி அவரைச் சாகும்வரை துரத்தும்.

சட்டம் சொல்வதைத் தெரிந்து கொள்ளுங்கள்

இனி நம் நிர்வாகிகள் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டியவை.

குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும். செய்யாவிட்டால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பராமரிக்க வேண்டியவரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் வரை அபராதம். அடித்துத் திருத்துவதும் அந்தச் சட்டத்தில் குற்றம். விசாரணைக்கு ஒத்துழைக்க மறுக்கும் பொறுப்பாளருக்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. தமிழ்நாட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகள், இல்லங்களுக்கு 2014ஆம் ஆண்டு முறைப்படுத்தும் சட்டம் தனியாக இருக்கிறது. உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது.

பாலியல் கொடுமை பற்றிய புகார் என்றால் 2012ஆம் ஆண்டு போக்ஸோ சட்டம். தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தமக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. இங்கே ஜமாஅத் பஞ்சாயத்துக்கு இடமே இல்லை. இரு தரப்பையும் உட்கார வைத்து ஸலாம் சொல்லிக் கட்டியணைக்க வைப்பது சமாதானம் அல்ல, குற்றத்துக்குத் துணை போவது. அந்தப் பிள்ளையின் பெயரையோ படத்தையோ வாட்ஸ்அப்பில் பரப்புவதும் குற்றம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். சிறார் நீதிச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளைப் படித்துப் பாருங்கள். ஒவ்வோர் இல்லத்திலும் பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி வைக்க வேண்டும். எங்கே? அலுவலகத்திலிருந்து விலகி, பிள்ளைகள் தங்கும் அறைகளுக்குப் பக்கத்தில். சாவி யாரிடம்? மேலாண்மைக் குழுவின் தலைவரிடம். அந்தத் தலைவர் இல்லத்தை நடத்துபவர் அல்லர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர். வாரம் ஒரு முறை திறக்க வேண்டும், பிள்ளைகளின் பிரதிநிதிகள் முன்னிலையில். ஏன் இப்படி? காரணம் எளிது. முதலாளியைப் பற்றிய சீட்டு முதலாளியின் மேஜை டிராயரில் விழக் கூடாது.

நம் இல்லங்களில் பெட்டி இருக்கிறதா? இருந்தால் எங்கே மாட்டியிருக்கிறது? நாஜிர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே இருக்கிறதா? சாவி அவருடைய இடுப்பில் இருக்கிறதா? அப்படியென்றால் அது பெட்டி அல்ல, பொறி.

"எங்களிடம் புகாரே வருவதில்லை" என்று பெருமைப்படும் இல்லத்தைப் பார்த்துத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். நீங்கள் வணிகர்கள். வருடம் முழுக்க ஒரு வாடிக்கையாளரும் ஒரு குறையும் சொல்லவில்லை என்றால் என்ன பொருள்? சொல்லிப் பயனில்லை என்று அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள் என்று பொருள். யதீமுக்கு அடுத்த கடை இல்லை, சகோதரர்களே! அவன் மௌனமாக அங்கேயே இருப்பான்.

வருகின்ற புகார்களில் பெரும்பாலானவை சின்னவையாகத்தான் இருக்கும். சோற்றில் கல். குளியலறையில் தாழ்ப்பாள் இல்லை. மூட்டைப்பூச்சி. உம்மாவிடம் பேச ஃபோன் தரவில்லை. இவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். பிள்ளை நம்மைச் சோதித்துப் பார்க்கிறது. தாழ்ப்பாள் கேட்டவனுக்கு மறுநாளே தாழ்ப்பாள் வந்தால், பெரிய விஷயம் நடக்கும்போது அவன் நம்மிடம் வருவான். தாழ்ப்பாள் கேட்டதற்கே காதைத் திருகினால், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தாலும் நமக்குத் தெரிய வராது.

ஆகவே புகார் வந்தால் எழுதி வையுங்கள், தேதி போடுங்கள். புகாருக்கு ஆளானவரையும் பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். என்ன செய்தோம் என்பதைப் புகார் சொன்னவரிடமே போய்ச் சொல்லுங்கள். அதன் பிறகு அவருக்குச் சாப்பாட்டிலோ பாடத்திலோ பழிவாங்கல் நடக்காமல் ஆறு மாதம் கண்காணியுங்கள். தான் சொன்னதால் தனக்குக் கேடு வரவில்லை என்று ஒருவர் கண்டால் பத்துப் பேர் நம்பிக்கையோடு பேசுவார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

வணிகர்களே! அநாதைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக் கொள்ளச் சொல்கிறது குர்ஆன் (4:6). பொறுப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கணக்குக்குச் சாட்சி வேண்டும் என்பது இறைவன் வகுத்த முறை. அடுத்த ரமளானில் ரசீது வாங்கும்போது நாலு விஷயம் கேளுங்கள். பதிவுச் சான்று எங்கே? போன வருடம் எத்தனை புகார் வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? பெட்டியின் சாவி யாரிடம்? நானும் என் வீட்டுப் பெண்களும் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து பிள்ளைகளோடு சாப்பிடலாமா? நல்ல இல்லம் முகம் மலர்ந்து பதில் சொல்லும். அதற்கு இரண்டு மடங்கு கொடுங்கள். சம்பளம் குறைவாக வாங்கிக் கொண்டு ஐம்பது பிள்ளைகளுக்கு இராப்பகலாக உழைக்கும் வார்டன்களையும் சமையல்காரர்களையும் மறந்துவிடாதீர்கள். ஆள் பற்றாக்குறையிலும் அசதியிலும் பல தவறுகள் பிறக்கின்றன. கட்டடத்துக்குக் கொடுக்கும் கை, ஒரு வார்டனின் சம்பளத்துக்கும் கொடுக்கட்டும்.

இளைஞர்களே! இரத்த தானத்துக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் முதலில் ஓடுகிறவர்கள் நீங்கள். உங்கள் ஊரில் உள்ள ஒவ்வோர் இல்லத்துக்கும் முறை வைத்துப் போங்கள். நிர்வாகத்தின் அனுமதியோடு, இருவராக, பிள்ளைகளோடு விளையாட, பாடம் சொல்லிக் கொடுக்கப் போங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், முதியோருக்கான 14567 என்ற எண்ணையும் சுவரில் பெரிதாக எழுத ஏற்பாடு செய்யுங்கள். ஒரு பிள்ளை உங்களிடம் மனம் திறந்தால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "சொன்னது நல்லது, உன் மேல் தவறில்லை, உதவி செய்யக் கூடியவர்களிடம் சொல்கிறேன்" என்று சொல்லி அன்றைக்கே உரியவர்களிடம் தெரிவியுங்கள். முதியோர் இல்லத்தில் இருப்பவர்களிடமும் இதே கவனம் வேண்டும். பெற்ற பிள்ளைகளே விட்டுப் போனவர்கள், இந்த இடமும் போய்விடுமோ என்ற பயத்தில் வாய் திறக்க மாட்டார்கள்.

நிர்வாகிகளே! உங்கள் தியாகத்தை நாங்கள் அறிவோம். உங்களைச் சந்தேகிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாளை மஹ்ஷரில் ஒரு சிறுவன் எழுந்து, "யா அல்லாஹ், நான் சொன்னேன், இவர்கள் கேட்கவில்லை" என்று சொன்னால், அங்கே எந்த ஜமாஅத்தும் உங்களுக்காகப் பேச வராது. அந்தப் புகாரை இங்கேயே கேட்டு முடித்துவிடுங்கள். இந்த வாரமே பெட்டியை இடம் மாற்றுங்கள். சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

யதீமின் கண்ணீருக்குக் காரணமாகாமல், அதைத் துடைக்கும் சமுதாயமாக நம்மை அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.